ஆயுத பூஜைக்கு மறுநாள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
8.7.1990

அன்புள்ள அக்கா புஷ்பவல்லிக்கு,

தம்பி ராதாகிருஷ்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் தம்புசாமி மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே? தைப்பிங்கில் மழை விட்டதா, இல்லை மாமா இன்னும் குடையோடுதான் ரயில் ஸ்டேஷன் வேலைக்குப் போகிறாரா?

ஒரு சேதி. கோபப்படாமல் கடைசிவரை படி. கிள்ளானில் பட்டறை வைத்திருக்கிற நாகையா அண்ணனை உனக்குத் தெரியும், என் பைக்கைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் சேர்ந்திருக்கிற மோட்டார் சைக்கிள் கிளப் செப்டம்பர் 29ஆம் தேதி, சனிக்கிழமை, பத்து தீகா பந்தயத் திடலை ஒரு நாளைக்கு எடுக்கிறது. பந்தயம் கிடையாது. என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் அவரவர் பைக்கைக் கொண்டுபோய், எதிரே லோரி வராத பாதையில் ஓட்டிப் பழகலாம். சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் நீ தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பாய். இருக்கட்டும்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு முப்பத்தொரு வயது. ஷா ஆலாம் ஆபீசுக்கு தினமும் பெடரல் ஹைவேயில்தான் போகிறேன். வளைவு வந்தால் இன்னும் வேகத்தைக் குறைத்து ஓரத்துக்குப் போய்விடுகிறேன். ஆபீசில் என்னோடு வரைபடம் போடுகிறவர்கள் எல்லாரும் என்னை 'என்சிக் தாக்குட்' என்கிறார்கள், பயந்தாங்கொள்ளிக்கு மலாயில் மரியாதையான பெயர். டைப்பிஸ்ட் மார்க்கிரட் கூடச் சிரிக்கிறாள். ஒரே ஒரு நாள் பயமில்லாமல் ஒரு வளைவைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி
ராதா

---

தைப்பிங்
15.7.1990

தம்பி ராதாவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதம் வரும்வரை நான் கூட நலமாகத்தான் இருந்தேன்.

வேண்டாம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். டைப்பிஸ்ட் சிரித்தாளாம், இவர் பந்தயத் திடலில் போய் உருளப் போகிறாராம்! அவள் சிரித்தால் நீயும் திரும்பச் சிரித்துவிட்டு வா. கல்யாணத்துக்காவது வழி பிறக்கும்.

ராதா, உன் அண்ணன் செல்வம் லோம்பாங் குட்டையில் இறங்கியபோது உனக்கு ஐந்து வயது. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குப் பதினான்கு. ஈயம் எடுத்துவிட்ட குட்டையின் பச்சைத் தண்ணீரைக் காட்டி, "அக்கா, ஒரே ஒரு தடவை லா" என்றான். நான் 'சரி' என்றேன். இறங்கியவன் ஏறி வரவில்லை. அந்த ஒரு சொல்தான் நான் செய்தது. அதற்குப் பிறகு உன்னை நான் எதற்கும் 'சரி' என்று சொல்லி வளர்க்கவில்லை. மரம் ஏறாதே, ஆற்றுக்குப் போகாதே, சைக்கிளில் ரோட்டைத் தாண்டாதே. அம்மா போன பிறகு இன்னும் மோசமானேன். நீ உயிரோடு இருக்கிறாய். எனக்கு அது போதும்.

மாமா சொல்கிறார், "ரோட்டைவிட அதுதான் பத்திரம் லா, எதிர்ல வண்டியே வராது." ஆண்கள் எப்போதும் ஒரே கட்சி.

பெயரை வாபஸ் வாங்கிவிட்டு எனக்கு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
புஷ்பவல்லி

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
29.7.1990

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நலம், முன்பைவிட நலம் என்றே சொல்வேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பெயரை வாபஸ் வாங்கவில்லை. மன்னித்துக்கொள்.

கிளப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள், என்னென்ன செய்ய வேண்டும் என்று. பாதி வண்டிக்கு, பாதி ஓட்டுகிறவனுக்கு. விடியற்காலையில் ஏரிப் பூங்காவில் ஓடுகிறேன். முதல் நாள் பாதி தூரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சீனக் கிழவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போதும் நான் அங்கேயே இருந்ததைப் பார்த்து, தண்ணீர் கொடுத்தார். இப்போது முழுச் சுற்றும் ஓடுகிறேன். அறையில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து தொடையைப் பழக்குகிறேன். பைக்கைத் தொடையால்தான் பிடிக்க வேண்டுமாம், கை தளர்வாக இருக்க வேண்டுமாம்.

பைக்கில் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். விளக்குக் கண்ணாடிமேல் டேப் ஒட்ட வேண்டும், உடைந்தால் பாதையில் சிதறாமல் இருக்க. எஞ்சின் எண்ணெய் போல்ட்டைக் கம்பியால் கட்ட வேண்டும். புது டயர், புது பிரேக் எண்ணெய், சங்கிலி அளவு. எல்லாம் நாகையா அண்ணன் பார்க்கிறார். "வண்டி என் பொறுப்பு தம்பி. ஓட்டுறவன்தான் உன் பொறுப்பு" என்றார். தோல் உடுப்பு ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. அதற்குள் நுழைய எனக்கு இருபது நிமிடம் ஆகிறது.

எனக்குப் பயம் எதுவும் இல்லை. நீயும் பயப்படாதே.

பிள்ளைகளுக்கு முத்தம்.

ராதா

---

தைப்பிங்
19.8.1990

தம்பி ராதாவுக்கு,

நாங்கள் சுகம். மூன்று வாரமாக எழுதவில்லை. நான்கு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் 'வேண்டாம்' என்றே ஆரம்பித்தது, நீயோ கேட்கப் போவதில்லை, எதற்குத் தபால்தலையை வீணாக்குவது என்று விட்டுவிட்டேன்.

'பயம் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். நீ ஆறாம் வகுப்பில் பல் பிடுங்கப் போனபோதும் இதையேதான் சொன்னாய். பிறகு ஆஸ்பத்திரி கக்கூசில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. நான்தான் வெளியே நின்று கெஞ்சினேன்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. மத்தியானம் கண் அசந்தால்கூட எங்கோ பைக் சத்தம் கேட்கிறது. எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறான்.

காலண்டரைப் பார்த்தேன். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, நீ ஓட்டுகிற சனிக்கிழமை விஜயதசமி. மாமா சொன்னார், "புதுசா ஒண்ணைத் தொடங்க அதைவிட நல்ல நாள் எது லா?" சரி, ஒன்று சொல்கிறேன். பட்டறையில் எப்படியும் பூஜை போடுவார்கள். நான் வருகிறேன். உன் வண்டியை நானே கழுவி, துடைத்து, பொட்டு வைத்து, சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மறுநாள் அங்கே நின்று பார்க்க என்னால் முடியாது. அதை மட்டும் கேட்காதே.

பத்திரம்.

அக்கா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
9.9.1990

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ வருகிறாய் என்பதே எனக்குப் பாதி தெம்பு.

பல் பிடுங்கிய கதையை மார்க்கிரட்டிடம் சொல்லாதே.

நாகையா அண்ணன் ஏற்பாடு இப்படி: வியாழக்கிழமை மாலைக்குள் வண்டி வேலை எல்லாம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பூஜை, ஸ்பானரைக்கூடத் தொட மாட்டார், வண்டியையும் யாரும் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் தேங்காய் உடைத்து, லோரியில் ஏற்றி, நேரே பத்து தீகா. அங்கே ஆய்வு செய்கிறவர்கள் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

போன ஞாயிறு திடலை நடந்து பார்க்கக் கூட்டிப்போனார்கள். நேர்ப்பாதையின் முடிவில் ஒரு வலது வளைவு. நடக்கும்போது அகலமாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வளைவின் நடுவில் வேகம் கொடுக்கிற கைமுறுக்கை மூடாதே, போக வேண்டிய இடத்தைப் பார், விழுந்துவிடுவோமோ என்கிற இடத்தைப் பார்க்காதே. அன்று வீடு திரும்பிச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பசி இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புடுராயா பஸ் நிலையத்தில் உன்னை வந்து கூட்டிக்கொள்கிறேன்.

தம்பி
ராதா

---

(இந்தக் கடிதம் அப்போது அஞ்சலில் சேர்க்கப்படவில்லை.)

தைப்பிங்
29.9.1990, சாயங்காலம்

ராதா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

சற்று முன் மாமாவிடம் நேற்று நடந்த பூஜையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் வண்டிதான் வரிசையிலேயே பளபளப்பு என்றேன். நேற்றுக் காலையில் நான் கழுவி வைத்த பிறகு, முன் சக்கரத்தில் இருக்கிற அந்த வட்டத் தட்டில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது. நீ மாலை வாங்கப் போயிருந்தாய். நாளைக்கு இவ்வளவு பேர் முன்னால் நிற்கிற வண்டி, துருப்பிடித்த தட்டோடா போவது? விளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். பிறகு விளக்குக்கு ஊற்றி மிச்சமிருந்த நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு பக்கமும் பூசினேன். வெள்ளித் தட்டு மாதிரி ஆயிற்று. அதில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

மாமா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். "தட்டா? முன் சக்கரத்துத் தட்டா?" என்றார். "அதுதான் பிரேக், புஷ்பம். அதில எண்ணெய் பட்டா வண்டி நிக்காது."

ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்ப் பொதுத் தொலைபேசியிலிருந்து பட்டறைக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நீ காலையிலேயே ஓட்டியிருப்பாய். நான் என்ன செய்தாலும் இனி அது முடிந்துபோன காரியம்.

ஏற்கெனவே ஒருவனைக் குட்டையில் விட்டேன். அப்போது 'சரி' என்று ஒரு வாய்ச்சொல். இந்தத் தடவை என் கையாலேயே பூசியிருக்கிறேன்.

ராதா, ராதா.

---

கோலாலம்பூர், ஆஸ்பத்திரி
2.10.1990

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல மார்க்கிரட் எழுதுகிறார். கையெழுத்து அழகாக இருப்பதைப் பார்த்து நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நாகையா அண்ணன் ஸ்டேஷனுக்குப் போன் செய்து மாமாவிடம் விஷயத்தைச் சொன்னாராம். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டிலும் இரண்டு விரலிலும் முறிவு. சிறிய ஆப்பரேஷன் நேற்று முடிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். மறுபடி வரைபடம் போடக் கை எப்படி வரும் என்று கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்வார்களாம்.

நேர்ப்பாதை முடிந்து வருகிற அந்த வலது வளைவில்தான் விழுந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? என் ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை.

நீ எப்போது வருகிறாய்? இங்கே சாப்பாட்டில் உப்பே இல்லை.

தம்பி
ராதாகிருஷ்ணன்

(அக்கா, கவலை வேண்டாம். இவர் நர்சுகளிடம் வாயடிக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். மார்க்கிரட்)

---

தைப்பிங்
9.10.1990

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்போது வர முடியவில்லை. பெரியவளுக்குப் பரீட்சை. மாமா சனிக்கிழமை வந்து உன்னைப் பார்ப்பார், சோறு குழம்பு கொடுத்து அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் எழுது. பிடிக்காத பிரேக் எது? முன்னாலா, பின்னாலா?

மார்க்கிரட்டுக்கு என் நன்றியைச் சொல்.

புஷ்பவல்லி

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
14.10.1990

அன்புள்ள அக்கா,

இடது கை எழுத்து, கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். அறைக்கு வந்துவிட்டேன். மாமா நேற்று வந்தார். மீன் குழம்பு நன்றாக இருந்தது, ஆனால் உன்னைத்தான் எதிர்பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் என்றால் மறு பஸ்ஸில் வந்து நிற்கிறவள் நீ. மாமாவும் சரியாகப் பேசவில்லை. 'அக்கா எப்படி இருக்கு' என்றேன். "இருக்கு" என்றார்.

நீ கேட்டது: முன் பிரேக். நாகையா அண்ணனுக்கும் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்க்க வருவதில்லை.

தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். நான் அங்கே வரட்டுமா?

ராதா

---

தைப்பிங்
24.10.1990

ராதாவுக்கு,

தீபாவளிக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. நீயும் வரவில்லை. இந்த வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மாமாதான் கடையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி சின்னவன் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவனை அடித்துவிட்டேன்.

இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். செப்டம்பர் 29 அன்று எழுதியது. தபாலில் போடத் தைரியம் வரவில்லை. மறுநாள் நீ பிழைத்தாய் என்று போன் வந்தது, கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று. முன் பிரேக் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். உன்னைத் தள்ளியது நான்தான், ராதா. உன் வலது கையை உடைத்தது நான். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பரீட்சை என்றது பொய், பள்ளிக்கூடம் அப்போது லீவு.

நாகையா அண்ணனிடம் சொல். அவர் மேல் தவறு இல்லை. யாரும் அவரைப் பேச வேண்டாம்.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

புஷ்பவல்லி

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
29.10.1990

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இடது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன். வேறு யாரையும் எழுதச் சொல்ல முடியாது.

முதலில் இதைப் படி: உன் எண்ணெயால் நான் விழவில்லை. ஒரு சொட்டு எண்ணெய்கூட அப்போது அங்கே இல்லை.

சனிக்கிழமை காலை லோரியிலிருந்து வண்டியை இறக்கியதும் நாகையா அண்ணன் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "என்னடா, பிரேக்கில நல்லெண்ணெய் வாசனை வருது லா!" என்று கத்தினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கும்தான், தட்டில் உன் பொட்டு இருந்ததே! "அக்கா பாசம் அதிகமாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே தட்டைத் தின்னர் ஊற்றிக் கழுவினார், பிரேக் பேடையும் புதிதாக மாற்றினார், வண்டிகள் நிறுத்துகிற இடத்திலேயே அங்கும் இங்கும் பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். பிறகு ஆய்வு செய்தவர்களும் பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். நீ கட்டிய எலுமிச்சம்பழத்தை மட்டும் அறுத்துக் கையில் கொடுத்தார்கள். உனக்கு மனம் கஷ்டப்படுமே என்று எண்ணெய்க் கதையை எழுதாமல் விட்டேன். அது என் முதல் முட்டாள்தனம்.

இப்போது மற்றது. அன்று காலை இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். தோல் உடுப்புக்குள் கால் நடுங்கியது வெளியே தெரியவில்லை. முதல் சுற்றுகள் மெதுவாக, வாத்துக் கூட்டம் மாதிரி வரிசையாக. அது சரியாகப் போயிற்று. அடுத்த முறை கொஞ்சம் வேகம். அந்த வலது வளைவில் பாதி திரும்பியபோது ஒருவன் என் தோளை ஒட்டித் தாண்டிப் போனான். அவன் சத்தம் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கைமுறுக்கை அப்படியே மூடினேன். புல்வெளியைப் பார்த்தேன், அங்கேதான் போய் விழுவேன் என்று நினைத்தேன். வண்டி நான் பார்த்த இடத்துக்கே போயிற்று. அக்கா, நான் பிரேக்கைத் தொடவே இல்லை. விரல் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன்.

படுக்கைப் பக்கத்தில் மார்க்கிரட் பேனாவோடு உட்கார்ந்து, "ம், எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டாள். பயத்தில் விழுந்தேன் என்று அவள் கையால் எழுதவைக்க எனக்கு வாய் வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். நீ முன்னாலா பின்னாலா என்று கேட்டபோதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதிலேயே இருந்தேன்.

நேற்று கிள்ளானுக்குப் பஸ்ஸில் போய் நாகையா அண்ணன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "பயந்தா பயந்தேன்னு சொல்லுடா. என் பட்டறைப் பேரை ஏன்டா இழுத்த?" என்றார். மார்க்கிரட்டிடமும் சொன்னேன். "அதுக்கா இவ்வளவு? நானா இருந்தா வண்டியிலயே ஏறியிருக்க மாட்டேன் லா" என்றாள்.

மார்ச் மாதம் இன்னொரு நாள் இருக்கிறதாம். கை சரியானால் பெயர் கொடுக்கட்டுமா என்று நாகையா அண்ணன் கேட்டார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறேன். ஒரு வரி எழுது, போதும்.

உன்னை இப்படி வைத்திருந்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

ராதா

---

தைப்பிங்
4.11.1990

தம்பி ராதாவுக்கு,

உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படித்தார். 'ஒரு சொட்டு எண்ணெய்கூட' என்ற இடத்தில் நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மீதியை நானே படித்தேன்.

நீ என் முன்னால் இருந்திருந்தால் உடையாத கையை நான் உடைத்திருப்பேன். முப்பத்தேழு நாள், ராதா. ஒரு டைப்பிஸ்ட் முன்னால் நீ வீரனாக இருப்பதற்காக நான் இங்கே முப்பத்தேழு நாள் கொலைகாரியாக இருந்திருக்கிறேன். இதை நான் மன்னிக்க நாளாகும். மன்னித்துவிட்டேன் என்று இப்போதே எழுதினால் நானும் உன்னைப் போலப் பொய் எழுதியதாகிவிடும்.

வாந்தி எடுத்ததையும் கால் நடுங்கியதையும் படித்தபோது மட்டும் கோபம் வரவில்லை. அதைப் படித்துத்தான் அழுதேன். அந்தப் பயத்தை உனக்கு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நீ அதை எழுதாமல் விட்டதும் தெரியும்.

மார்ச் மாதத்துக்கு ஒரு வரி கேட்டிருக்கிறாய். 'வேண்டாம்' என்று எழுத எனக்கு ஒரு நொடி ஆகாது. இப்போதுகூட விரல் நுனியில் நிற்கிறது. ஆனால் நீ எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா விடவில்லை என்று நாகையா அண்ணனிடம் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்வாய். மரத்துக்கும் ஆற்றுக்கும் அப்படித்தான் சொன்னாய், பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

இந்தத் தடவை நான் 'வேண்டாம்' என்றும் எழுதப் போவதில்லை, 'சரி' என்றும் எழுதப் போவதில்லை. போனால் நீ போ. பயமாக இருக்கிறது, வரவில்லை என்றால், அதை உன் வாயாலேயே சொல். எதைச் செய்தாலும் எனக்கு எழுது.

நீ எதைச் சொன்னாலும் நான் பயந்துகொண்டுதான் இருப்பேன், அது உன்னால் தீராது.

அன்புடன்
அக்கா